பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

ஐம்பதைத் தாண்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் சின்ன வயதில் எதையாவது பார்த்து நடுங்கியிருக்கிறோம். சிறுத்தையைப் பார்த்து நடுங்கியவர்கள் உண்டு. துரையின் குதிரையைப் பார்த்து நடுங்கியவர்கள் உண்டு. நான் வாழ்க்கையில் அதிகமாக நடுங்கியது ஒரு போணி, அதாவது ஒரு குவளை, தேநீரைப் பார்த்து. இப்போது தைரியமாகச் சொல்லலாம். இதில் வருகிற பெரியவர்கள் யாரும் என் காதைத் திருக உயிரோடு இல்லை.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரை காலம். அப்பா பாக்டரியில் இலை உருட்டும் மிஷினைப் பழுது பார்ப்பவர். எந்நேரமும் அவர் மேல் எண்ணெய் வாசனையும் பச்சைக் கொழுந்து வாசனையும் சேர்ந்து அடிக்கும். எங்களுக்கு லைன் வீடு. ஒன்றை ஒன்று ஒட்டிய வீடுகள், நீளமாக ஒரே தகரக் கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மரப்பலகைச் சுவர். அந்தச் சுவர் காற்றைக் கொஞ்சம் தடுத்தது. சத்தத்தைத் தடுக்கும் உத்தேசமே அதற்கு இருந்ததில்லை.

அப்பா புராட்டஸ்டண்ட் சபைக்காரர். அம்மா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் கோவில்காரர். அப்பா பக்கத்தில் ஐயர், அதாவது போதகர், வருவார், ஆராதனை நடக்கும். அம்மா பக்கத்தில் சாமியார் வருவார், பூசை நடக்கும். இருக்கிற ஒரே ஏசுநாதரைப் பார்க்க எங்கள் தோட்டத்தில் இரண்டு வாசல், இரண்டு வாசலுக்கும் தனித்தனிக் காவல். இப்படிப்பட்ட இருவருக்கு எப்படிக் கல்யாணம் ஆனது, எந்த வாசலில் ஆனது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கேட்பவர்களிடம் அப்பா, “மழைக்கு ஒரு கொட்டாயில ஒதுங்குனனுங்க, அங்க இவளும் ஒதுங்கியிருந்தா” என்பதோடு முடித்துக்கொள்வார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் அத்தை இருந்தார். அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு தனியாக, கொழுந்து பறித்துப் பிழைத்தார். சபையில் அத்தையை மிஞ்சிய பக்திக்காரி கிடையாது. எண்ணெய்த் துணியில் சுற்றிய கீர்த்தனைப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரிந்தவர் என்பதால் புத்தகத்தைத் திறக்க மாட்டார். எல்லாம் மனப்பாடம்.

பாக்டரிச் சங்கு ஊதி, இருட்டுக் கட்டுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் யுத்தம் தொடங்கும். அம்மா மண்டியிட்டு, நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை போட்டு, “பிதா சுதன் இஸ்பிரித்து சாந்து நாமத்தினாலே” என்று செபமாலையை ஆரம்பிப்பார். அந்தக் கணமே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தை ஒரு கீர்த்தனையை அவிழ்த்துவிடுவார். அம்மா குரலைச் சற்று ஏற்றுவார். அத்தை அடுத்த சரணத்தில் அதை முந்துவார். நடுவில் நான் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தகராறுதான்.

பாட்டு முடிந்ததும் சுவர் பேசும். நாத்தனாரை அம்மா நங்கை என்றுதான் கூப்பிடுவார்.

“ஏனம்முணி, உங்க மாதாவுக்குக் காது கேக்காதா? அத்தன தடவ கூப்புடோணுமா?”

“நல்லாக் கேக்குமுங்க நங்கை. உங்க பாட்டு நடுவுல வந்துருது, அதனாலதான் திரும்பத் திரும்பக் கூப்புட வேண்டியிருக்குது.”

அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். எந்தப் பக்கமும் அவர் சிரிப்பது கேட்கக் கூடாது.

இதுவரை வேடிக்கை. எனக்கு அடுத்து ஒரு பெண் குழந்தை பிறந்தபோது வேடிக்கை போய்விட்டது. நான் ஏற்கெனவே சபையில் ஐயர் கையால் ஞானஸ்நானம் வாங்கியவன். இந்தப் பிள்ளையாவது தன் கோவிலுக்கு வரட்டும் என்றார் அம்மா. அத்தை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

“எங்கூட்டுப் புள்ள. எங்க ஐயர் கையிலதான் வாங்கோணும். அதுல பேச்சே இல்ல.”

அப்பா இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்தார். யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. அவர்கள் பேச்சை முடிக்கவில்லை, பிள்ளை முடித்துக்கொண்டது.

தோட்டத்தின் மேல் மூலையில், முள்வேலி போட்ட கல்லறை நிலம் ஒன்று இருந்தது. வேலிக்குள்ளே ஒரு பாதி சபைக்கு, ஒரு பாதி கோவிலுக்கு. தலையில் தண்ணீர் படாமல் போன பிள்ளைக்கு இரண்டு பாதியிலும் இடமில்லை. அந்த ஒரு விதியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனார்கள். வேலிக்கு வெளியே சரிவில் ஒரு சில்வர் ஓக் மரம். அதன் அடியில்தான் குழி வெட்டினார்கள். சீமைக்குத் தேயிலை அனுப்பும் பெட்டியின் பலகையை அறுத்து அப்பாவே ஆணி அடித்தார். அந்தச் சின்னப் பெட்டி நெடுந்தூரம் தேயிலை மணத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அம்மா கொழுந்துக் காட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த மரத்தடியில் நின்று, தான் வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டுவிட்டுப் போவார்.

அப்பா அன்று ஒரு சட்டம் போட்டார். “இனிமே பையன் பொறந்தா சபைக்கு. பொண்ணு பொறந்தா கோவிலுக்கு. யாரும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது.”

 அன்றிலிருந்து அத்தை மாலையில் பாடுவதை நிறுத்திவிட்டார். அம்மா செபமாலை சொல்லும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல்கூடக் கேட்காது. அத்தை கோபத்தில் இருக்கிறார் என்று அப்பா சொன்னார். நாங்களும் அப்படியே நினைத்தோம். மௌனமாக இருப்பவர்களைக் கோபக்காரர்கள் என்று நினைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

இரண்டு ஐப்பசி கழித்து அம்மா மறுபடி வாயும் வயிறுமாக இருந்தார். அந்த வருட அடைமழை நம் வயதுக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும். ரயில் நின்றது. ரோடு நாலா பக்கமும் சரிந்தது. கம்பளிகள் காயாமல் ஈர ஆட்டு வாசனை அடித்தன. கணுக்காலில் அட்டை ஏறாமல் கொல்லைப்புறம் போய்வந்தால் அது வீரம்.

சனிக்கிழமை மதியங்களில் கோவில் உபதேசியார் ஆர்.சி. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவார். சபைக்காரனான நான் அங்கே போய் உட்காரக் காரணம், முடிவில் அவர் கொடுக்கும் கொய்யாப்பழம். கொய்யாவோடு ஒரு கேள்வி பதிலும் எனக்குள் இறங்கியிருந்தது. உயிர் போகும் ஆபத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கு அதிகாரம்? யாருக்கும். சாமியார் வர முடியாவிட்டால் யார் வேண்டுமானாலும் தண்ணீரை ஊற்றி நாமத்தைச் சொல்லலாம். இந்தப் பதிலைக் கற்றுத் தந்த உபதேசியார், என்னைப் போல ஒருவன் அதை எடுத்து நடத்துவான் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஒரு காலையில், வர வேண்டிய நாளுக்கு வெகுமுன்னே, தங்கை வந்துவிட்டாள். பிரசவம் பார்த்தது அத்தை. பூனைக்குட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அழவில்லை. முனகினாள், அவ்வளவுதான். அம்மா காய்ச்சலில், “சாமியாரக் கூட்டியாங்க, சாமியாரக் கூட்டியாங்க” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“பாத்துப் போ தம்பி. மண்ணு இன்னும் எறங்கிட்டிருக்குது,” என்றார் அத்தை.

என்னைக் கூரை ஒழுகுமிடத்தில் சட்டி வைக்க அனுப்பிவிட்டு, அத்தை பிள்ளையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் திரும்பி வந்தபோது ஒரு கொழுந்துக் கூடைக்குள் கம்பளித் துண்டை மடித்து, அதற்குள் தங்கையை வைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டுக்கு இருத்தியிருந்தார்.

மதியம் ஈரத் துணிகளைப் பாக்டரிக் கொதிகலன் பக்கம் காய வைக்க அத்தை கிளம்பினார். “புள்ள மூச்சுடுதான்னு பாத்துக்கிட்டே இரு. கண்ண எடுக்காத. சித்த நேரத்துல வந்தர்றேன்.”

பார்த்தேன். மஞ்சு மூட்டம் வாசல் வழியாக உள்ளே வந்து அடுப்பு வரை நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் அசையாதது போலத் தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கம்பளி அசைகிறதா? அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்தேன். என் விரல் குளிரில் விறைத்திருந்ததில் காற்று வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. சில்வர் ஓக் மரம் கண்முன் வந்து நின்றது. தேயிலைப் பெட்டியும் வந்தது. அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். எழுப்பத் தோன்றவில்லை. எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்றால், அதிகாரம். யாருக்கும் அதிகாரம் உண்டு. எனக்கு உண்டு.

தகர டின்னில் இருந்த தண்ணீர் ஐஸ். ஊற்றினால் அதிலேயே செத்துப்போவாள். அடுப்பில் இருந்ததோ தளதளவென்று கொதித்தது. பக்கத்தில் நீல எனாமல் போணி ஒன்று இருந்தது. வெலிங்டன் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அப்பா வாங்கியது. தொட்டேன். இளஞ்சூடு. தண்ணீர் என்று முடிவு செய்து எடுத்தேன்.

எந்த முறையில் சொல்வது? பெண் என்பதால் அம்மா முறை. கொடுப்பவன் சபைக்காரன் என்பதால் அப்பா முறை. பிசகிவிட்டால் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். ஆகவே பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று ஒருதரம், மூச்சு விடாமல் பிதா சுதன் இஸ்பிரித்து சாந்து என்று ஒருதரம், இரண்டையும் சொல்லிப் போணியைக் கவிழ்த்தேன்.

தங்கையின் நெற்றியில் பழுப்பாக ஓடியது. மணம் வந்தது. வரத் தேயிலை, பால் சேர்க்காமல் கருப்பட்டி போட்டது.

அடுத்த கணம் அவள் ஒரு தும்மல் தும்மினாள். பிறகு, பிறந்ததிலிருந்து அழாத பிள்ளை, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதாள். நான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன்.

அத்தை ஓடிவந்தார். கூடையைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்து, விரலை மோந்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

“என்றா பண்ணுனே?”

“ஒண்ணுமில்லீங்க அத்தை.”

“ஒண்ணுமில்லாததுக்கா கருப்பட்டி வாசம் அடிக்குது?”

 அவர் பிள்ளையை மாற்றுத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அழுகிறாள், அழுகிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று முழுக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். தேநீரில் ஞானஸ்நானம் வாங்கியவள் எந்தச் சாதி கிறிஸ்தவள்? மோட்ச வாசலில் அவளை மோந்து பார்த்து அனுப்பிவிட்டால்? என் தலையில் இன்னொரு இடியும் இறங்கியது. ஞானஸ்நானம் கொடுத்தவன் சாமியார் ஆகிவிடுவானே. சாமியார் என்றால் தாடி. இரவெல்லாம் முகவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டே தூங்கினேன். விடிந்தபோதும் வழவழவென்றுதான் இருந்தது. அதில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததை மறைப்பானேன்.

அப்பா மறுநாள் வந்தார். சாமியாரைக் கூட்டிவரப் போனவர் இரண்டு பேரைக் கூட்டிவந்தார். சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம், அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியதில் குன்னூரிலிருந்து நடந்து வந்த சாமியார் நின்றிருக்கிறார். அதே இடத்தில், மாத ஆராதனைக்காகத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த எங்கள் ஐயரும் நின்றிருக்கிறார். அப்பா ஒரு கயிற்றைப் பிடித்து இருவரையும் கடத்திவிட்டார்.

“அவரையும் எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க?” என்று அம்மா படுக்கையிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

“ஒருத்தர இழுத்துப்போட்டு இன்னொருத்தரச் சேத்துல உட்டுட்டா வர முடியும், புள்ள?”

சாமியார் சீமைக்காரர், உயரம், வெள்ளைத் தாடி. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர், புத்தகம் போலப் பேசுவார். ஐயர் நம்மூர்க்காரர், குட்டை. அங்கியும் கோட்டும் இடுப்பு வரை செம்மண். வீட்டில் இருந்ததே அப்பாவின் இரண்டு வேட்டிகளும் இரண்டு கம்பளிகளும்தான். கொஞ்ச நேரத்தில் எங்கள் அடுப்பைச் சுற்றி, கொழுந்துக் காட்டு ஆட்களைப் போலக் கம்பளி போர்த்திய இரண்டு பேர் குளிர் காய்ந்தார்கள். தாடியை வைத்துத்தான் சபை எது, கோவில் எது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சாமியார் கூடையை எட்டிப் பார்த்தார். “இக்குழந்தைக்கு யாரேனும் ஞானஸ்நானம் கொடுத்தீர்களா?”

என் கால்கள் என்னைக் கேட்காமலே முன்னால் போயின. “நான் குடுத்தனுங்க.”

அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது.

“எதனால் கொடுத்தாய்?”

“டீயிலீங்க.”

சாமியார் ஐயரைப் பார்த்தார். ஐயர் சாமியாரைப் பார்த்தார். அதுவரை இருவரும் வழுக்கும் இடங்களைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

“செல்லாது,” என்றார் சாமியார்.

“எங்ககிட்டயும் செல்லாதுங்க,” என்றார் ஐயர். “தண்ணியா இருக்கோணும்.”

“ஆம். தண்ணீராக இருத்தல் வேண்டும்.”

இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள். எங்கள் தோட்டத்தில் சபையும் கோவிலும் முகத்துக்கு முகம் பார்த்து ஒத்துப்போனதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அதற்காக நான் பெருமைப்பட்டிருக்கலாம். நானோ ஓவென்று அழுதேன். தங்கை சில்வர் ஓக் மரத்தடிக்குத்தான் போவாள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன்.

சாமியார், “அழாதே, இப்போது கொடுப்போம், தண்ணீர் கொண்டு வா” என்று எழுந்தார். அப்போது அடுப்படிப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“வேண்டாமுங்க. நான் குடுத்துப்போட்டனுங்க.”

 தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“எப்போ அக்கா?” என்றார் அப்பா.

“நீ வாசல் தாண்டுனதும் புள்ள நீலம் பாரிச்சுப் போச்சு. உனக்காகக் காத்திருக்க முடியுமா? ஒருக்கா காத்திருந்தது போதாதா?”

சாமியார் அருகில் போனார். “தண்ணீரா அம்மா?”

“காச்சி ஆத்துன தண்ணிங்க. தலையில ஊத்துனேன். ஓடுச்சு.”

“வார்த்தைகளை எந்த முறையில் சொன்னீர்?”

அத்தை ஐயரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “அவிய முறைலதானுங்க. பிதா சுதன் இஸ்பிரித்து சாந்து. நெத்தியில சிலுவையும் போட்டேன். அது அவ பொண்ணு, கோவிலுக்குப் போற பொண்ணு. எங்க முறைல குடுத்து, அங்க குழி இல்லீன்னு சொல்லிட்டாங்கன்னா?” கொஞ்சம் நிறுத்தி, “சபையில தள்ளி வெச்சாலும் வெச்சுக்குங்க ஐயரே” என்றார்.

“உங்களுக்கு அது எப்படீங்க நங்கை தெரியும்?” என்று அம்மா கேட்டார்.

“தெனமும் பொழுதோட என்ற காதுல ஊத்துனியே அம்முணி. வேற எங்க போய்ப் படிச்சேன்?”

கோபத்தில் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்த அத்தனை மாலைகளிலும், அத்தை பாடாமல் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐயர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “தண்ணியும் நாமமும் இருந்தா எங்க பக்கமும் அது ஒண்ணுதானம்மா. மத்தது நீங்க என்னமோ சொன்னீங்க, மழைச் சத்தத்துல எனக்கு விழல.”

“ஒருமுறை கொடுத்தது கொடுத்ததே. நான் மறுபடி கொடுக்கலாகாது,” என்றார் சாமியார். “பெயர் வைத்தீரா?”

அத்தை ஒரு பெயரைச் சொன்னார். அம்மா சில்வர் ஓக் மரத்தடியில் நின்று கூப்பிடுவாரே, அந்தப் பெயர். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அத்தை போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காலைப் பிடித்துவிட்டார்.

சற்று நேரம் கழித்து அத்தை, இரண்டு பேரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்: “வெளிய கெடக்கற பொண்ணுக்கு என்னங்க பண்றது?”

 எதற்கும் பதில் வைத்திருக்கும் இரண்டு பேர் அப்படி முழித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மழை வெறித்ததும் சாமியார்தான் எழுந்து, “இடத்தைக் காட்டுங்கள்” என்றார். ஐயரும் எழுந்தார். அப்பா முன்னால் போனார். நானும் போனேன். அந்தக் காலத்தில் சாமியாரும் ஐயரும் சேர்ந்து ஜெபம் செய்யக் கூடாது. அதனால் அவர்கள் சேர்ந்து சும்மா நின்றார்கள். வேலிக்கு வெளியே, அந்தச் சரிவில், அப்பாவின் வேட்டிகளைக் கட்டிக்கொண்டு, மரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் தலை நனைய வெகுநேரம் நின்றார்கள். எனக்கு மூன்று அட்டை ஏறிய பிறகும் நின்றார்கள்.

தங்கை பிழைத்தாள். டீ செல்லாவிட்டாலும் அதுதான் அழ வைத்தது என்று அத்தை எனக்குச் சாகும்வரை சான்றிதழ் கொடுத்துவந்தார். தங்கைக்கு இன்றுவரை தேநீர் ஆகாது. காபிதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு மார்கழியில் அத்தை போனார். போவதற்கு முன் அப்பாவிடம் ஒன்று சொல்லியிருந்தார். “என்னைய வேலிக்குள்ள போடாத தம்பி. அந்த மரத்துக்கிட்ட போடு. புள்ள தனியாக் கெடக்குது.” சபைப் பெரியவர்கள் அதெப்படி என்று இழுத்தார்கள். புதிதாக வந்திருந்த ஐயரும் தயங்கினார். அம்மா வாசலில் வந்து நின்றுகொண்டார். அத்தை ஒரு காலத்தில் நின்ற அதே வாசல், அதே நிலை. “நங்கை சொன்னாச் சொன்னதுதானுங்க. அதுல பேச்சே இல்ல.”

சபைக்காரர்கள் வேலிக்கு வெளியே வந்து சரிவில் நின்றார்கள். கோவில்காரர்கள் மெழுகுவத்தியோடு சற்றுத் தள்ளி நின்றார்கள், அம்மாவும் தங்கையும் உட்பட. அத்தைக்குப் பிடித்த கீர்த்தனையை எடுத்தார்கள். பழைய பாட்டு. முதல் சரணம் தாண்டியதும் சபைக்காரர்களே புத்தகத்தைத் தேடித் தடுமாறினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் தடுமாறாமல் பாடிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா. கையில் செபமாலை, கண்ணை மூடியிருந்தார், ஒரு சொல் பிசகவில்லை.

“உனக்கு எப்படீம்மா இதெல்லாம் தெரியும்?” என்று தங்கை காதோரம் கேட்டாள்.

“எத்தன வருசம் என்ற செபத்தக் கெடுத்துச்சு அந்த மகராசி,” என்றார் அம்மா. மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த சரணத்தை எடுத்தார்.